நாலு மேடு, ஒரு பள்ளம்

குரோம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். வாயை அகலத் திறந்தால் ஆவி உள்ளே போய்த் தொண்டையை அறுக்கும். அதனால் அந்தப் பட்டறையில் எல்லாமே சைகைதான். கையை உயர்த்தினால் தூக்கு, விரலைச் சுழற்றினால் திருப்பு, தலையை ஆட்டினால் போதும் நிறுத்து. அப்படிப்பட்ட இடத்தில்தான் வெள்ளிக்கிழமை காலை பட்டறைக்காரர் தம் தங்கை புருஷனைப் பார்த்துக் கத்தினார்.

“கை சுத்தமில்லாதவன் கம்பியைத் தொடக்கூடாது மாப்பிள்ளை!”

சொன்னதுகூடப் பெரிதில்லை. லாரிப் பட்டறைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார். மண் கொட்டுகிற லாரியின் தொட்டியைத் தூக்கும் பெரிய எஃகுக் கம்பி அது. குரோம் பூசிக் கொடுத்து ஒரு மாதம் ஆகவில்லை, அவித்த முட்டையின் ஓடு மாதிரி பொருக்குப் பொருக்காக உரிந்து திரும்பி வந்திருந்தது. அதற்கு முன்னால் வந்ததும் அப்படித்தான். லாரிப் பட்டறைக்காரர் நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. கம்பியை ஒரு விரலால் சுரண்டிக் காட்டிவிட்டுப் பேசாமல் நின்றார். அந்தப் பேசாமைதான் பட்டறைக்காரரைச் சுட்டது.

மாப்பிள்ளை, ஓடிக்கொண்டிருந்த கம்பி தேய்க்கும் எமரி பெல்ட்டை நிறுத்தினார். ரப்பர் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மாடிக்கு ஏறிப் போய்விட்டார்.

ஒரே வீடுதான். தெருவைப் பார்த்த முன்பக்கம் பட்டறை, அதன் பின்னால் சமையலறையும் பட்டறைக்காரரும் அவர் மனைவியும் இருக்கும் அறையும். மாடியில் தங்கையும் மாப்பிள்ளையும். தங்கை பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பவள். தெருவுக்கு அவள் டீச்சர். அண்ணனுக்கு மட்டும், நாற்பது வயது ஆன பிறகும் பாப்பா. கடைந்து கொடுப்பவர்களும் வெல்டிங் வைப்பவர்களும் மோட்டார் சுற்றுபவர்களுமாக நிறைந்த அந்தத் தெருவில், மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே உலையில் சோறு தின்பது ஒரு அதிசயமாகவே பேசப்பட்டது. சாயங்காலம் டீச்சர் வீடு திரும்பியபோது மாடியில் தனி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை சோறு வடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வெங்காயம் நறுக்கி வைத்திருந்தது. வட்டமாக நறுக்கத் தெரியாமல் கண்டபடி வெட்டியிருந்தார்.

“என்னங்க இது?”

“சோறு.”

“கீழ அண்ணி ஆக்கி வச்சிருக்காங்களே.”

“அக்காவுக்கு என்ன தலையெழுத்தா, கை சுத்தமில்லாதவனுக்கு ஆக்கிப் போட?”

அப்படித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. மீதியை அவர் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேறு ஊரில் ஒரு பட்டறை, பாலிஷுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்கள், முன்பே இரண்டு முறை கூப்பிட்டவர்கள். திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியாயிற்று.

“நானு?”

“உனக்கு வேலை இருக்கு, வீடு இருக்கு. லீவுக்கு லீவு வா.”

அவள் முகம் கழுவப் போனாள். திரும்பி வந்ததும் அவர் நேராகக் கேட்டார். “நீயும் நம்புறியா?”

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாய் வரவில்லை. கீழே பட்டறையில் நடப்பது அவளுக்கும் தெரியும். சின்னக் கம்பிகளை அண்ணனே தேய்த்து மெருகு போடுவார். அவருக்குத் தோள்வலி, பெரிய கம்பியைத் தூக்க முடியாது. அதனால் பெரியதெல்லாம் இவர் கையில். தொட்டி ஒன்று, மருந்து ஒன்று, சூடு ஒன்று. அண்ணன் தேய்த்தது கண்ணாடி மாதிரி வருகிறது. இவர் தேய்த்தது சாம்பல் பூத்து, உரிந்து வருகிறது. யார் கணக்குப் போட்டாலும் விடை இவர் பக்கம்தான் வந்து நிற்கிறது. தேய்ப்பதில் எண்ணெய்ப்பசை ஒரு சொட்டு மிஞ்சினாலும் குரோம் ஒட்டாது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

“யோசிக்கிற பாரு,” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார். சோறு குழைந்திருந்தது. இருவரும் உப்பைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வகுப்பு. டயோடு சர்க்யூட். அவளுடைய ஆய்வகத்தில் ஒரு கட்டாயம் உண்டு. ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால் வெளியே என்ன அலை வரும் என்று வரைந்து காட்ட வேண்டும். படம் இல்லையென்றால் கரண்ட் இல்லை. பார்த்த பிறகு சொல்வது சுலபம், யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பாள். அன்று ஒரு மாணவி அலையை வரைந்துவிட்டு மீட்டரைக் காட்டினாள். “மேடம், மீட்டர் சரியான வோல்ட் காட்டுது. ஆனா ஸ்கோப் திரையில அலை பாதியக் காணோம்.” டயோடு ஒன்றின் ஒரு காலைப் பொருத்தாமல் விட்டிருந்தாள். மீட்டரின் அளவு குறைந்ததும், குமிழைத் திருகிச் சரிக்கட்டி வைத்திருந்தாள்.

“மீட்டர் சராசரியைத்தான் சொல்லும், அலையைச் சொல்லாது,” என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள் டீச்சர். சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். அண்ணன் பட்டறைச் சுவரில், தொட்டிக்கு மேலே, தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கும், பச்சைப் பெயின்ட் அடித்த ஒரு இரும்புப் பெட்டி இருக்கிறது. இத்தனை வருஷமாக அதைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகிறாள். அதுவும் டயோடு சர்க்யூட்தான் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். முகம் இரண்டு நாளில் ஒட்டிப்போயிருந்தது. அண்ணி கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணே, பெரிய கம்பி ஓடறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க?”

“என்ன பண்றது? ஸ்டூலப் போட்டு உக்காந்து மீட்டரப் பாப்பேன்.”

“முள்ளு அப்படியே நிக்குமா?”

“எங்க நிக்குது. கொஞ்ச நேரம் ஓடினதும் இறங்கிடும். தெருவுல எல்லா மெஷினும் ஓடுதுல்ல, கரண்டு கம்மியாயிடுது. நான் குமிழத் திருகி ஏத்திக்குவேன்.”

“மெதுவா இறங்குமா, படக்குன்னா?”

ரொட்டி டீக்குள் நனைந்து தொங்கியது. “படக்குன்னுதான்.”

“போன ஞாயித்துக்கிழமை ஓட்டினீங்களே. அன்னிக்குத் தெருவே மூடிக் கெடந்துச்சு. அன்னிக்கும் இறங்குச்சா?”

பட்டறைக்காரர் பதில் சொல்வதற்குள் ரொட்டி அறுந்து டீயில் விழுந்தது. “இறங்குச்சு பாப்பா,” என்றார் மெல்ல.

“சின்னக் கம்பி ஓடறப்ப?”

“அது சீக்கிரம் முடிஞ்சிடும். அப்பல்லாம் பெட்டி சூடே ஆகாது.” சொல்லி முடித்ததும் அவரே நிமிர்ந்து பார்த்தார்.

அவள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அண்ணனும் பின்னாலேயே போனார். பச்சைப் பெட்டியின் கதவிலேயே அவள் வரைய ஆரம்பித்தாள்.

“மோட்டார் குழாயில ஒருவழி வால்வு போடுறோம்ல, தண்ணி திரும்பி வராம? டயோடும் அதுதான். மேல வர்ற மூணு பேஸ் கரண்டு, அலை மாதிரி ஏறி எறங்குது. உள்ள இருக்கிற ஆறு டயோடும் மாறி மாறி எது உசரமோ அதப் புடிச்சு வெளிய விடுது. அதனால வெளிய வர்றது இப்படி.” ஒரு சுற்றுக்கு ஆறு சின்ன மேடு வரைந்தாள், தோள் தொட்டு நிற்பவை போல. “மேடு பள்ளம்னு சொல்ல முடியாது, கிட்டத்தட்ட சமதளம். குரோமுக்கு இது போதும்.”

“சரி.”

“இதுல ஒரு டயோடு விட்டுப்போச்சுன்னு வைங்க. ஒரு டயோடு ரெண்டு மேட்டுக்குப் பொறுப்பு. ரெண்டும் போயிடும். பக்கத்து பேஸ் முட்டுக் குடுக்கப் பாக்கும், ஆனா முடியாது. இறங்கி, இறங்கி, தரையத் தொட்டுட்டுத்தான் மறுபடி ஏறும்.” கீழே இன்னொரு படம் போட்டாள். நாலு மேடு, அப்புறம் கத்தி வெட்டு மாதிரி ஒரு பள்ளம். மறுபடி நாலு மேடு, மறுபடி பள்ளம். “முள்ளு கொஞ்சம்தான் இறங்கும். நீங்க குமிழத் திருகிச் சரி பண்ணிடுவீங்க. மீட்டருக்கு இந்தப் பள்ளம் தெரியாது.”

பட்டறைக்காரர் அந்தப் பள்ளத்தை நெடுநேரம் பார்த்தார். “நடுவுல கரண்டு போயி வந்தா, புதுசா ஏர்ற குரோம் பழைய குரோம் மேல ஒட்டாது. அது எனக்கே தெரியும். ஒரு தடவ போனாலே ஆகாது. இது நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவல்ல போவுது.”

“இது இன்னும் படம்தான் அண்ணே. பாக்கணும்.”

“பாத்துட்டு வந்து மாப்பிள்ளகிட்ட பேசிக்கலாமா?”

“இல்ல. அவரு இருக்கணும். பெரிய கம்பிய அவருதான் தேய்க்கணும், இல்லன்னா நாம என்னத்தச் சோதிக்கிறோம்?”

மாடியில் அவர் துணிப்பையில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பையை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

“நாளைக்கு அந்தப் பொட்டி நல்லா இருந்துச்சுன்னா?”

“நல்லா இருக்காது.”

“நீ இன்னும் பாக்கலயே.”

“பாக்காமதான் சொல்றேன்,” என்றாள். “நேத்தே சொல்லியிருக்கணும். கேட்டப்ப வாய் வரல. இப்ப சொல்றேன். உங்க கையில தப்பு இல்ல.”

அவர் ஒரு சட்டையை எடுத்து மறுபடி பிரித்து மடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஒரு கடையும் திறக்கவில்லை. துறைத் தலைவரிடம் கேட்டு அவள் முந்தின நாளே, அலையைத் திரையில் காட்டும் ஸ்கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். அதைக் கட்டிலில் போர்வை சுற்றிப் படுக்க வைத்திருந்ததைப் பார்த்து, “மாப்பிள்ள தரையிலயா படுத்தாரு?” என்று அண்ணி கேட்டாள். அந்த வீட்டில் மூன்று நாளில் யாரோ சிரித்தது அப்போதுதான்.

மாப்பிள்ளை கம்பியைத் தேய்த்தார். முதலில் முரட்டு பெல்ட், அப்புறம் நடுத்தரம், அப்புறம் கையில் பிடித்தால் துணி மாதிரி இருக்கும் மெல்லிய பெல்ட். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பியைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தார். பழைய கோடு ஒன்று மிஞ்சியிருந்தாலும் திரும்ப முதலிலிருந்து. எண்ணெய்ப்பசை போகக் காரக் கரைசலில் முக்கிக் கழுவினார். கடைசியில், யாரும் கேட்காமலே, ஒரு குவளைத் தண்ணீரைக் கம்பியின் மேல் ஊற்றினார். எண்ணெய்ப்பசை இருந்தால் தண்ணீர் முத்து முத்தாகப் பிரியும். தண்ணீர் எங்கும் பிரியவில்லை, ஒரே தோலாகப் போர்த்திக்கொண்டு வழிந்தது. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கம்பி தொட்டிக்குள் இறங்கியது. ஆவி அடங்க மேலே மிதக்கவிட்டிருந்த பிளாஸ்டிக் உருண்டைகள் விலகி, ஆரஞ்சு நிற மருந்து சற்றே பொங்கி அடங்கியது. டீச்சர் ஸ்கோப்பின் ஒயர்களை, தொட்டிக்குக் கரண்ட் கொண்டுபோகும் செப்புப் பட்டைகளில் பொருத்தினாள். அண்ணன் ஸ்விட்சைப் போட்டார்.

திரையில் ஆறு மேடு. அழகான, சமமான, ஒரு குறையும் இல்லாத ஆறு மேடு.

ஆவியை வெளியே தள்ளும் காற்றாடி மட்டும் இரைந்தது. பட்டறைக்காரர் திரையையும் பெட்டிக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு ஜெயித்த முகம் இல்லை, ஏமாந்த முகம்தான். “சரியாத்தான இருக்கு பாப்பா,” என்றார்.

மாப்பிள்ளையின் கை ஏப்ரன் முடிச்சுக்குப் போனது.

“அவுக்காதீங்க,” என்றாள் டீச்சர்.

“போதும்மா. நீ சொன்னதே போதும்.”

“பெட்டி குளிர்ந்து கெடக்கு. முள்ளு எப்ப இறங்கும்னு அண்ணன் சொன்னாரு? சூடானப்புறம். உக்காருங்க.”

உட்கார்ந்தார், அவளுக்காக. அண்ணி டீயும் வேகவைத்த கிழங்கும் கொண்டுவந்தாள். வாசல்படி பக்கம் வரச்சொல்லி மூவருக்கும் கொடுத்தாள். “அலை வர்றப்ப வரட்டும். வயித்துக்கு எந்த டயோடும் கெடையாது, சாப்புடுங்க.” கிழங்கு சூடாக இருந்தது. அண்ணன் உப்பை மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினார். மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

டீச்சர் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு பச்சைப் பெட்டியையே பார்த்தாள். சூடானால் டயோடு விட்டுப்போகலாம், போகாமலும் இருக்கலாம். போகவில்லையென்றால், திங்கட்கிழமை அந்தத் துணிப்பையை யார் நிறுத்துவது? வகுப்பில் தப்பாக வரைகிற பிள்ளைகளிடம் “பரவாயில்ல, அழிச்சிட்டுப் போடு” என்று எத்தனை முறை சொல்லியிருப்பாள். அழித்துவிட்டுப் போட முடியாத படமும் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

வெளியே வெயில் ஏறியது. தகரக் கூரை சடசடத்தது. பெட்டியின் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்த அண்ணன், சுட்டதுபோல எடுத்துக்கொண்டார். ஸ்டூலில் போய் உட்கார்ந்தார். சற்று நேரத்தில் அவர் கை உயர்ந்தது. சைகைதான், ஆனால் அந்தப் பட்டறையின் எந்தச் சைகையும் இல்லை. முள் இறங்கியிருந்தது.

மூவரும் ஸ்கோப்புக்கு ஓடினார்கள். நாலு மேடு, ஒரு பள்ளம். நாலு மேடு, ஒரு பள்ளம். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சாக்பீஸ் படத்தைப் பார்த்து வரைந்த மாதிரி.

“பாத்தீங்களா!” டீச்சர் கத்தியேவிட்டாள். ஆவி தொண்டையில் ஏறி இருமினாள். இருமலோடு சிரித்தாள். மாப்பிள்ளை அவள் முதுகைத் தட்டினார். அவர் கண் திரையை விட்டு நகரவில்லை.

பெட்டியின் மெயினை மட்டும் அணைத்துவிட்டு, அதைத் திறந்து, எல்லாம் ஆறட்டும் என்று காத்திருந்தார்கள். உள்ளே ஆறு டயோடும் அலுமினியத் தகடுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் செப்புப் பின்னல் ஒன்று வால் மாதிரி வந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்துப் பழகிய மாப்பிள்ளைதான் முதலில் சொன்னார். “இதோட நுனி மட்டும் நெறம் வேற.” ஒரு பின்னலின் நுனி ஆவி பட்டுக் கறுத்திருந்தது. டீச்சர் மீட்டரை வைத்துப் பார்த்தாள், டயோடு நன்றாகவே இருந்தது. அண்ணன் வாலைத் தொட்டார். கையோடு வந்துவிட்டது. சூட்டில் விரிந்து விட்டுப்போவதும் குளிர்ந்தால் வந்து ஒட்டிக்கொள்வதுமாக எத்தனை நாள் இருந்ததோ.

“மாப்பிள்ள,” என்றார் அண்ணன், அறுந்த வாலைக் கையில் வைத்துக்கொண்டு. காற்றாடி ஓடிக்கொண்டிருந்ததால் மீதி கேட்கவில்லை.

“என்ன மச்சான்?”

“தப்பு என் மேலன்னேன்.”

“கேக்கல.”

“தப்பு என் மேல! வாய விட்டுட்டேன்! மன்னிச்சுக்க!” மூடிக் கிடந்த தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அண்ணி சமையலறையிலிருந்து ஓடி வந்து, மறுபடி சண்டையோ என்று எட்டிப் பார்த்தாள். இரண்டு ஆண்களும் ஆளுக்கொரு திசையில் பார்த்தபடி நின்றிருந்தார்கள். மாப்பிள்ளை, “பின்னல் வேற இருக்கா, பழைய பெட்டியில?” என்று கேட்டார். அண்ணன் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்.

புதுப் பின்னல் போட்டு, கெட்டுப்போன பூச்சை எடுத்து, கம்பியை மறுபடி தேய்த்து இறக்கினார்கள். பெட்டி கொதித்தபோதும் முள் அசையவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் கம்பி மேலே வந்தது. கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்ததும், அதில் பட்டறை முழுவதும் நீளவாக்கில் தெரிந்தது. காற்றாடி, தொட்டி, இழுத்து நீட்டியதுபோல நாலு முகம். அண்ணன் ஸ்டூலை எடுத்துக்கொண்டு லாரிப் பட்டறைக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டார். ஸ்டூல் எதற்கு என்று அண்ணி கேட்ட பிறகுதான் கையில் அது இருப்பதைப் பார்த்தார்.

மாடியில் மாப்பிள்ளை போனை எடுத்து அந்த ஊர்ப் பட்டறைக்குப் பேசினார். “நாளைக்கு வரலைங்க. கோவிச்சுக்காதீங்க. வீட்டுல ஒரு டயோடு விட்டுப்போயிருந்துச்சு, அதான். இல்லங்க, இப்பச் சரியாயிடுச்சு.”

“டயோடு நல்லாத்தாங்க இருக்கு. அதோட வால்தான்,” என்றாள் டீச்சர்.

“அவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?” பையிலிருந்த சட்டைகளைக் கட்டிலில் கொட்டிவிட்டு, அவற்றின் மேலேயே சாய்ந்தார். கீழேயிருந்து அண்ணி வெங்காயம் வதக்கும் மணம் ஏறி வந்தது. “ஒண்ணு கேக்கணும். உன் படத்துல பள்ளம் தரையத் தொட்டுச்சு. திரையில தொடலயே. கொஞ்சம் மேலயே நின்னுச்சு.”

டீச்சருக்கு உடம்பெல்லாம் இனித்தது. அவளும் அதைப் பார்த்திருந்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தாள்.

“அத நான் கோட்ட விட்டுட்டேங்க. தொட்டியும் ஒரு பேட்டரி மாதிரிதான். கரண்டு நின்னாலும் அதுக்குன்னு கொஞ்சம் வோல்டேஜ் புடிச்சு வச்சிருக்கும். பெட்டி அதுக்குக் கீழ இறங்கினதும், டயோடு எல்லாம் வழிய மூடிக்கும். பள்ளத்துக்கு அடியில தட்டையா ஒரு கோடு தெரிஞ்சுதுல்ல, அது பெட்டியோடது இல்ல, தொட்டியோடது. அந்த நேரத்துல கரண்டு சுத்தமா நின்னுடும், அப்பதான்…”

குறட்டை கேட்டது. இரண்டு இரவாகக் கண்ணை மூடாத மனிதர், சட்டைக் குவியலில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது. அவள் எழுந்துபோய் மாடி அடுப்பின் காஸ் குழாயைக் கழற்றி வைத்தாள். திரும்பி வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து மீதியையும் மெதுவாகச் சொல்லி முடித்தாள்.